தென்சாலை வழியே மறைந்த முதல் நாயகி

கரமனைப் பாலத்தை நாள்தோறும் கடந்து செல்லும் அன்பர்கள் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, அந்தத் தென்சாலை வழியாகவே இந்நகரை அடைந்தன. தம் பெயரையும் மொழியையும் இழக்காமல் வந்து, இங்கே வேர் ஊன்றி வாழ்ந்தன. அதே சாலையில், எதிர்த் திசையில், தம் பெயரையும் கலையையும் துறந்து ஓர் அம்மையார் சென்றார். அவரே மலையாளத் திரைப்படத்தின் முதல் கதாநாயகி, பி. கே. ரோசி.

ரோசி அம்மையாரின் இயற்பெயர் ராஜம்மா. திருவனந்தபுரத்தில், அந்நாளில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட புலையர் குலத்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர். புல்லறுத்தும் கூலி வேலை செய்தும் வாழ்ந்த அவருக்கு நாடகத்தில் தணியாத ஆசை இருந்தது. தென் திருவிதாங்கூரில் வழங்கிய காக்காரிசி நாடகத்தைக் கற்று மேடையேறினார். தமிழும் மலையாளமும் கலந்து பாடியும் பேசியும் ஆடும் நாட்டுக்கலை அது. ஆகவே அவருடைய கலையில் நம் மொழிக்கும் பங்கு உண்டு.

அக்காலத்தில் அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டானியல் என்பவர் திருவிதாங்கூரில் திரைப்படம் எடுக்க முனைந்தார். தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் நிலையத்தை நிறுவினார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, நாயகன் வேடம் ஆகிய அனைத்தையும் தாமே மேற்கொண்டார். 'விகதகுமாரன்' என்பது படத்தின் பெயர். இழந்துபோன மகன் என்பது அதன் பொருள். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டத்தில் வளர்வதைச் சொல்லும் கதை. புராணக் கதைகளே பெரிதும் படமாகி வந்த நாளில், குடும்பக் கதையொன்றை ஊமைப் படமாக்க அவர் துணிந்தார்.

பெண்கள் நடிக்க முன்வராத காலம் அது. பம்பாயிலிருந்து வரவழைக்க எண்ணிய நடிகையும் அமையவில்லை. இறுதியில் ரோசி அம்மையாரைத் தேர்ந்தெடுத்தார் டானியல். அம்மையார் ஏற்ற வேடம் சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம். அதுவே பெருங்குற்றம் ஆயிற்று.

படம் திருவனந்தபுரம் காபிடால் கொட்டகையில் வெளியாயிற்று. அந்நாள் 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்னர்க் கிடைத்த விளம்பரத் துண்டறிக்கை 1930 அக்டோபர் 23 என்று காட்டுகிறது. வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்து முடிந்திருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனமோ 1936இல்தான் வரவிருந்தது. திரையரங்கும் அன்று கோயிலைப் போலவே மூடிய கதவாயிருந்தது. நாயகியே தம் படத்தின் முதற்காட்சியில் அமர இயலவில்லை. நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை எடுக்கும் காட்சி வந்ததும் கூட்டத்தினர் கொதித்தெழுந்து கல்லெறிந்தனர், திரை கிழிந்தது. பின்னர் அவருடைய குடிசையும் தாக்கப்பட்டது.

உயிருக்கு அஞ்சிய அம்மையார் ஊரை விட்டு ஓடினார். கேசவ பிள்ளை என்னும் லாரி ஓட்டுநர் அவரை நாகர்கோவிலுக்கு ஏற்றிச் சென்றார். நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலை நம் கரமனை வழியேதான் செல்கிறது. கேசவ பிள்ளையையே மணந்து, ராஜம்மாள் என்னும் பெயரில் தமிழ் மண்ணில் இல்லறம் நடத்தினார். அதன் பின் நடிகை ரோசி என்ற ஒருவர் இல்லை. பெற்ற மக்களுக்குங்கூட அன்னையின் கலை வாழ்வு பற்றி அதிகம் தெரியாது என்றால், அவர் நெஞ்சில் எத்துணை அச்சம் குடிகொண்டிருக்க வேண்டும்!

இக்கொடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1939 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 'கான் வித் த விண்ட்' படம் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, அதில் நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மக்டானியல் அங்கே வர இயலவில்லை; அந்நகரின் நிறவெறி வழக்கம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. 1940இல் அதே நடிப்புக்காக அவர் ஆஸ்கார் பரிசு பெற்றார்; கறுப்பினத்தவர் பெற்ற முதல் ஆஸ்கார் அது. அந்த விருந்து மண்டபத்திலும் அவருக்குத் தனி மேசையே போடப்பட்டது. ஆயினும் அவர் மேடையேறினார், பரிசைக் கையில் வாங்கினார், தொடர்ந்து நடித்தார். ரோசி அம்மையாருக்கோ ஒரே ஒரு படம்தான். அதன் பிரதியும் இன்று இல்லை.

டானியலின் கதையும் கண்ணீர்க் கதையே. பொருளனைத்தும் இழந்து பல் வைத்தியம் செய்து பிழைத்தார். முதுமையில் வறுமையுற்றுக் கேரள அரசிடம் உதவி நாடியபோது, தமிழ்நாட்டில் வாழ்பவர் என்று மறுக்கப்பட்டார். 1956இல் மாநில எல்லை மாறி, அகஸ்தீசுவரம் தமிழகத்தைச் சேர்ந்துவிட்டதன் விளைவு அது. இரு மாநிலங்களுக்கும் இடையே வாழும் நமக்கு இந்த வேதனை புதிதன்று. 1975இல் அவர் மறைந்தார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாது எழுதியதால் அவர் பெருமை வெளிப்பட்டு, 1992 முதல் கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

ரோசி அம்மையாரை உலகம் நினைக்க இன்னும் காலம் ஆயிற்று. 2013இல் வெளிவந்த 'செல்லுலாய்டு' என்னும் மலையாளப் படம் இருவர் வரலாற்றையும் காட்டியது. 2019இல் மலையாளத் திரைப்பெண்டிர் அமைப்பு அவர் பெயரால் திரைப்படச் சங்கம் கண்டது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவை வரைந்து சிறப்பித்தது. எல்லாம் நன்றே. ஆனால் காபிடால் கொட்டகையில் அன்று மறுக்கப்பட்ட ஓர் இருக்கையை இவற்றுள் எதுவும் திருப்பித் தரவில்லை.

கல்லெறிந்தவர்களைக் குறை கூறிவிட்டு நாம் அமைதியடைதல் எளிது. அன்றிரவு அந்த அம்மையார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தால், கதவைத் திறந்திருப்போமா? அல்லது எந்தக் குலம் என்று முதலில் கேட்டிருப்போமா? நம் விழாக்களில் கொட்டும் முழக்குவோரையும் கூத்தாடுவோரையும் மேடையில் கண்டு கைதட்டுகிறோம். பந்தியில் அவர்களை நம்முடன் அமர்த்துகிறோமா? பிழைக்க வந்த இடத்தில் பிறர் நம்மை மதிக்க வேண்டுமென்று விரும்பும் நாம், இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளைகளுடன் கரமனைப் பாலத்தைக் கடக்கும்போது இந்த அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள். அவர் மறைத்து வாழ்ந்த பெயரை நம் பிள்ளைகளேனும் உரக்கச் சொல்லட்டும்.