காரும் கழுதையும்

கணினி தானாக எதையும் செய்வதில்லை. நாம் வரிவரியாக எழுதித் தரும் கட்டளைகளையே நிறைவேற்றுகிறது. அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு நிரல் என்று பெயர்.

1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தது. அதனுடன் ஒரு சிறு விளையாட்டும் வந்தது. சாலையில் கார் ஓடும். எதிரே கழுதை வரும். விசையைத் தட்டிக் காரை மறுபக்கம் விலக்க வேண்டும். அவ்வளவுதான்! எழுதியவர்கள் மைக்ரோசாப்ட் நிறுவனர்களில் ஒருவரான பில் கேட்சும் நீல் கொன்சனும். போட்டி நிறுவனமான ஆப்பிளின் பொறியாளர்கள் அதைப் பார்த்து நகைத்தனர். கேட்சோ மறைக்கவில்லை. பூட்டுப் போட்ட, புழுங்கும் சிற்றறையில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுதியது என்று 2001இல் மேடையிலேயே சொன்னார்.

அது பேசிக் மொழியில் எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. "இந்த எண்ணுக்குப் போ" என்றால் கணினி அங்கே தாவும். தாவல்கள் பெருகினால் நிரல், தட்டில் கிடக்கும் மீ போலாகிவிடும். ஓர் இழையை இழுத்தால் பத்து இழை கூடவே வரும். சில மாதம் கழிந்தால் எழுதியவருக்கே தலை சுற்றும். ஆகவே சிறு பகுதிகளாகப் பிரித்து, பெயரிட்டு, குறிப்பும் சேர்த்து எழுதுவதே நல்ல முறை.

நிரலோ, கட்டுரையோ, நம் பிள்ளைகளின் முதல் முயற்சி கோணலாகத்தான் இருக்கும். பெற்றோர்களே, "என்ன கிறுக்கல் இது" என்று கிழித்தெறிய வேண்டாம். தேதியிட்டுப் பெட்டியில் வையுங்கள். அதைப் பார்த்துப் பிள்ளைக்கே சிரிப்பு வரும் நாளில், எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.