கூடைப்பொறியும் கூரை விட்டமும்

மேனாட்டார் 'செரி பிக்கர்' எனச் செல்லமாய் அழைக்கும் பொறி, தொழிலாளியைக் கூடையில் ஏற்றி உயரத்துக்குக் கொண்டுசெல்வது. அது கவிழ்வதே பேராபத்து என்பர் பலர். வேறோர் ஆபத்தும் உண்டு. கூடை எழும்போது அவன் முதுகு கூரை விட்டத்தில் முட்டுகிறது. அவன் இயக்குபலகைமேல் சாய்கிறான். அவனது உடற்பாரமே நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்க, கூடை நில்லாது மேலும் ஏறி அவனை நெரிக்கிறது. கூவவும் மூச்சிராது. 'கவனமாயிரு' என்னும் அறிவுரை அவ்வேளையில் என்ன செய்யும்?

கால்மிதியை மிதித்தாலன்றி இயங்காத அமைப்பு பல பொறிகளில் உண்டு. ஆயின், நெரிபடுபவனின் கால் அம்மிதியிலேயே அழுந்திக் கிடக்கலாமன்றோ? ஆதலின் பொறியமைப்பாளர் பலகையின் முன்னே அழுத்தம் உணரும் சட்டமொன்றைப் பொருத்தினர். மார்பு அதில் அழுந்தியதும் இயக்கம் நின்றுவிடும். சிலவற்றில் கூடை சற்றுப் பின்வாங்கவும் செய்யும். நிலத்தில் நின்றவாறே கூடையை இறக்கும் விசையும் பொறியின் அடியில் உள்ளது. அதைக் கையாளத் தெரிந்த ஒருவர் கீழே நிற்றல் வேண்டும்.