மழையில் துணி காயலையா? கரண்ட் பில் எகிறாமல் காயவைக்க எளிய வழிகள்
கடலூர்-சிதம்பரம் இல்லத்தரசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலூர், நவ.18-

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான். காலையில் துவைத்துப் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே கிடக்கிறது. பிள்ளைகளின் யூனிபார்ம் காயவில்லை. வேலைக்குப் போகிறவருக்கு மாற்று பேண்ட் இல்லை. வீடு முழுக்க கொடி கட்டி, அறைக்கு அறை ஈர வாடை அடிக்கிறது.

கடலூர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்கு பருவமழை காலத்தில்தான் கொட்டித் தீர்க்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம், 2024-ல் பெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் என்று இந்த மாவட்டம் பார்க்காத மழை இல்லை. மழை மாதங்களில் துணியை காயவைக்க ஆளுக்கு ஒரு வழி பார்க்கிறார்கள். சில வழியில் செலவே இல்லை. சில வழியில் கரண்ட் பில் எகிறுகிறது. சில வழியில் உயிரே போகிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

துணி காயாதது ஏன்?

மண்பானையில் தண்ணீர் கசிந்து காற்றில் கலப்பது போலத்தான் துணியில் உள்ள ஈரமும் காற்றில் கலக்கிறது. காற்று உலர்ந்து இருந்தால் ஈரத்தை சீக்கிரம் இழுத்துக் கொள்ளும். மழை நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்து இருக்கும். அப்போது துணியில் உள்ள ஈரம் போக இடம் இல்லை.

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடல் காற்றில் வரும் உப்பு துணியில் படியும். உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. அதனால்தான் காய்ந்த துணிகூட ராத்திரியில் பிசுபிசு என்று ஆகிவிடுகிறது. அங்கே மாலையில் துணியை வெளியே விடாமல் 3 மணிக்குள் எடுத்துவிடுவது நல்லது.

பிழிந்தால் பாதி வேலை முடிந்தது

துணி காயவைப்பதில் முக்கியமான ரகசியம் இதுதான். தண்ணீரை பிழிந்து எடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. அதையே சூடுபடுத்தி ஆவியாக்க ஆகும் செலவு பல மடங்கு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.65 யூனிட் மின்சாரத்துக்கு சமமான வெப்பம் வேண்டும். 5 கிலோ துணியை கையால் பிழிந்து போட்டால் அதில் சுமார் 5 லிட்டர் தண்ணீர் நிற்கும். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் ஸ்பின் போட்டால் சுமார் 3 லிட்டர்தான் நிற்கும். அதாவது 2 லிட்டர் தண்ணீர் வெளியே போய்விடுகிறது.

இந்த 5 நிமிட ஸ்பின்னுக்கு ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் 50-ல் ஒரு பங்குதான். அதே 2 லிட்டரை சூட்டால் காயவைத்தால் 1.3 யூனிட் போய்விடும். எனவே மெஷின் உள்ளவர்கள் மழைக்காலத்தில் ஸ்பின்னை ஒருமுறைக்கு இருமுறை போட்டாலும் நஷ்டம் இல்லை.

மெஷின் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஈர சட்டையை காய்ந்த பருத்தி துண்டுக்குள் வைத்து பாய் போல சுருட்டி, இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கினால் துண்டு ஈரத்தை இழுத்துக் கொள்ளும். யூனிபார்முக்கு இது நல்ல வழி. செலவு பைசா கிடையாது.

மின்விசிறி காற்று

மழை விடாமல் பெய்யும் நாளில் வீட்டுக்குள் போட்டு மின்விசிறியை ஓடவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. இது நல்ல வழிதான். பழைய சீலிங் பேன் சுமார் 75 வாட் இழுக்கும். 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். புதிதாக வந்துள்ள பி.எல்.டி.சி. பேன் சுமார் 30 வாட்தான். 8 மணி நேரத்துக்கு கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஆனால் கதவு, ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு பேன் போட்டால் பிரயோஜனம் இல்லை. துணியில் இருந்து கிளம்பும் ஈரம் அறைக்குள்ளேயே சுற்றும். சுவரில் கரும்பூஞ்சை பிடிக்கும். எதிர் எதிரே இரண்டு ஜன்னலையாவது கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். சிதம்பரத்தில் பழைய முற்றம் வைத்த வீடுகளில் தாழ்வாரத்தில் கொடி கட்டினால் மழையிலும் துணி ஓரளவு காய்வதற்கு காரணம், அங்கே காற்று நிற்காமல் ஓடுவதுதான்.

ராத்திரி எப்படியும் பேன் ஓடும். படுக்கும் அறையில் ஓரமாக கொடி கட்டினால் தனி செலவு இல்லை. ஆனால் கைக்குழந்தை, ஆஸ்துமா நோயாளி படுக்கும் அறையில் ஈரத்துணி வேண்டாம்.

இஸ்திரி பெட்டி, ஏ.சி., டிரையர்

இஸ்திரி பெட்டி 750 வாட்டுக்கு மேல் இழுக்கும். பாதி காய்ந்த ஒரு சட்டையை அவசரத்துக்கு தேய்த்துப் போடலாம். ஒரு வாளி துணியையும் பெட்டியாலேயே காயவைக்க நினைத்தால் கட்டுப்படி ஆகாது.

தூங்குவதற்காக ஏ.சி. ஓடும் அறையில் துணி போட்டால் காயும். ஏ.சி. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வெளியே தள்ளுகிறது. ஆனால் துணிக்காக மட்டும் ஏ.சி. போட்டால் 1½ டன் ஏ.சி.க்கு மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல்கூட ஆகலாம்.

கடைகளில் விற்கும் டிரையர் மெஷின்கள் சூடான காற்றால் காயவைப்பவை. 5 கிலோ துணிக்கு சுமார் 3 யூனிட் பிடிக்கும். 'ஹீட் பம்ப்' வகை என்றால் ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் விலை அதிகம். தானே புயலுக்குப் பிறகு பல நாட்கள் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த டிரையரும் உதவாது.

500 யூனிட்டை தாண்டினால்...

மின்வாரியம் 2 மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கும் முறையில் 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டை தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை உள்ள சலுகை விலை போய்விடும். அந்த 100 யூனிட்டுக்கே சுமார் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். 500-க்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல்.

ஒரு குடும்பம் 450 யூனிட் ஓட்டுவதாக வைத்துக் கொள்வோம். 2 மாதத்தில் 20 தடவை சூட்டு டிரையர் போட்டால் 60 யூனிட் கூடி 510 ஆகிவிடும். அதே 20 தடவையும் பழைய பேன் போட்டால் 12 யூனிட்தான். பி.எல்.டி.சி. பேன் என்றால் 5 யூனிட். பில் 500-க்குள் நிற்கும்.

செய்யவே கூடாதவை

சாக்சை பிரிட்ஜ் பின்னால் செருகுவது, ஸ்டெபிலைசர் மேல் பனியனை விரிப்பது, கேஸ் அடுப்புக்கு மேல் கொடி கட்டுவது எல்லாம் பல வீடுகளில் நடக்கிறது. பிரிட்ஜின் சூடு வெளியேறாவிட்டால் அது இன்னும் அதிக கரண்ட் இழுக்கும். அடுப்புக்கு மேல் துணி நழுவி விழுந்தால் தீ விபத்துதான்.

எல்லாவற்றையும்விட ஆபத்து இரும்புக் கம்பி கொடி. துணி காயப்போட்டபோது மின்சாரம் தாக்கி பெண் பலி, காப்பாற்றப் போனவரும் பலி என்று மழைக்காலம் தோறும் தமிழகத்தில் செய்தி வருகிறது. தகரக் கொட்டகையிலோ, சர்வீஸ் ஒயர் அருகிலோ கட்டிய கம்பியில் ஒயர் உரசி கரண்ட் பாய்கிறது. ஈரத்துணியும் வெறும் காலும் சேர்ந்தால் தப்பிப்பது கஷ்டம்.

மின்கம்பத்திலோ அதை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியிலோ கொடி கட்டவே கூடாது என்று மின்வாரியம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து துணியில் கறையும் ஏறாது. வீட்டில் ஆர்.சி.டி. எனப்படும் உயிர்காக்கும் சாதனம் பொருத்தினால் கசிவு ஏற்பட்டதும் கரண்ட் தானாக நின்றுவிடும். யாராவது கம்பியில் மாட்டிக் கொண்டால் கையால் தொடாமல் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். ஒயர் அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு தகவல் சொல்லலாம்.

வெயில் தலைகாட்டினால்...

மழைக்கு நடுவே 2 மணி நேரம் வெயில் அடித்தாலும் விடக்கூடாது. அதற்கு சில வழிகள்:-

* ஒரேநாளில் மூட்டையாக துவைக்காமல் தினமும் கொஞ்சம் துவைக்கவும்.

* துணிக்கும் துணிக்கும் கையகலம் இடைவெளி விடவும்.

* ஜீன்ஸ், யூனிபார்ம் பேண்டை உள்பக்கம் வெளியே திருப்பி, பாக்கெட்டை இழுத்துவிட்டு இடுப்பில் கிளிப் போடவும்.

* போர்வையை ஒரே கொடியில் மடித்துப் போடாமல் இரண்டு கொடியில் விரிக்கவும்.

* உள்ளாடை, சாக்சுக்கு முதல் இடம் கொடுக்கவும். ஈரத்தோடு போட்டால் படர்தாமரை வரும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தொற்றும்.

மொத்தத்தில் முதலில் நன்றாக பிழிவது, அடுத்து வெயில், வெயில் இல்லாவிட்டால் ஜன்னலை திறந்து பேன் காற்று, அவசரத்துக்கு மட்டும் இஸ்திரி பெட்டி. இந்த வரிசையில் போனால் துணியும் காயும், பில்லும் எகிறாது. கொடி மட்டும் இரும்புக் கம்பியாக இருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுவது நல்லது.