ஒன்பதரை மணி நேரம் பதின்மூன்றான கதை

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். பயணிகள் ஜெட் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம்; ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை. 2022 பிப்ரவரி வரை இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதன்பின் அதே பயணத்துக்குச் சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. ஊர்கள் நகரவில்லை, விமானமும் அதே ஏர்பஸ் ஏ350தான்.

உலக உருண்டையில் இரு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், அது ஆர்க்டிக் வட்டத்தை உரசியபடி சைபீரியாவின் மேல் போகும். தட்டையான வரைபடத்தில் சுற்றுவழிபோலத் தெரியும் அதுதான் குறுக்குவழி. ஃபின்லாந்தின் ஃபின்ஏர் விமான நிறுவனம் தன் ஆசிய வணிகத்தையே அதை நம்பித்தான் வளர்த்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களைத் தடுத்தன. பதிலுக்கு ரஷ்யாவும் தன் வானத்தை மூடிவிட்டது.

மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கி காஸ்பியன் கடல், கசகஸ்தான், சீனா வழியாகப் போவது. மற்றது, நேர் வடக்கே ஏறி வடதுருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கம் இறங்கி, பசிபிக் மேல் டோக்கியோவை அடைவது. நேர்வழியைவிட 3,000 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். இந்தத் துருவ வழி புதியதுமல்ல. சோவியத் வானம் மூடிக்கிடந்த காலத்தில், 1983இல், ஃபின்ஏர் டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து, எங்கும் இறங்காமல் இப்படித்தான் டோக்கியோ போனது.

துருவ வழியில் விமானிகள் கண்வைத்திருப்பது எரிபொருளின் வெப்பநிலைமேல். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. வெளிக்காற்றோ மைனஸ் 60க்கும் கீழே போவதுண்டு. இறக்கைத் தொட்டியின் வெப்பநிலை எல்லையை நெருங்கினால், குளிர் குறைந்த உயரத்துக்கு மாறுவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். காற்று இறக்கையில் மோதி அழுந்தும் சூடே ஓரிரு டிகிரி ஏற்றிவிடும். காந்தத் திசைகாட்டி அங்கே உதவாது. துருவத்தைக் கடக்கும் நொடியில், நேராகப் பறந்துகொண்டிருக்கும்போதே, திரையில் வடக்கு தெற்காகப் புரண்டுவிடும். பயணிகளுக்கு வடதுருவம் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு அதாவது கிடைக்கிறதே!

இன்னொரு விசித்திரமும் உண்டு. உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் தெற்கு வழியில் டோக்கியோ போகும்போது உதவும், திரும்பும்போது எதிர்க்காற்றாகும். அதனால் டோக்கியோவிலிருந்து திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் துருவ வழியையே பிடிக்கின்றன. தெற்கு வழியே போய் வடக்கு வழியே வருபவர், வந்த வழியில் திரும்பாமலேயே உலகை ஒரு சுற்றுச் சுற்றி வீடு சேர்கிறார்.

சீன நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஐரோப்பாவுக்குப் போகும் அவற்றின் விமானங்கள் இன்றும் சைபீரியா மேலேயே பறக்கின்றன; எரிபொருளிலும் நேரத்திலும் அவற்றோடு ஈடுகொடுக்க முடியாமல் ஐரோப்பிய நிறுவனங்கள் திணறுகின்றன.