பொட்டலத்தில் உள்ள கிரேக்கச் சொற்கள்

நுண்ணுயிர் உரங்களையும் உயிரியல் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பொருள்களையும் வாங்கும் விவசாயிகளுக்கு அவற்றின் பெயர்கள் வாயில் நுழைவதில்லை. இவற்றில் பெரும்பாலானவை பண்டைய கிரேக்கச் சொற்களைக் கொண்டு அமைந்தவை. பொருள் தெரிந்தால் பெயரும் நினைவில் நிற்கும். ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடும் நஷ்டமும் இராது.

அதிகம் குழப்புபவை டிரைக்கோடெர்மா, டிரைக்கோகிரம்மா என்னும் இரண்டும். 'டிரைக்கோ' என்றால் மயிர். 'டெர்மா' என்றால் தோல். மயிரடர்ந்த தோல் போலப் படரும் நன்மை செய்யும் பூசணமே டிரைக்கோடெர்மா. நிலக்கடலை, பயறு வகைகளில் வேரழுகலைத் தடுக்க கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கிறார்கள். இதுவும் பூசணமே என்பதால், பூசணக்கொல்லி மருந்துடன் சேர்த்துக் கலந்தால் செத்துவிடும்.

'கிரம்மா' என்றால் எழுத்து, கோடு. டிரைக்கோகிரம்மா ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவி. அதன் இறகில் நுண்ணிய மயிர்கள் கோடு கிழித்தாற்போல் வரிசையாக இருக்கும். கரும்பில் இடைக்கணுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்து, புழு வெளிவருமுன்பே அழித்துவிடும். இது தூளாக வராது. அட்டையில் ஒட்டி வரும். குளவி வெளிவருமுன் அட்டையைத் தோகையின் அடிப்புறத்தில் கட்டிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் பூச்சிமருந்து தெளித்தால் அட்டைக்குக் கொடுத்த காசு வீண்.

'ரைசா' என்றால் வேர், 'பயோஸ்' என்றால் வாழ்வு. வேரில் வாழ்வதால் ரைசோபியம். பயறு வகைகள், நிலக்கடலை, சோயா போன்றவற்றின் வேர் முடிச்சில் தங்கித் தழைச்சத்தைச் சேர்க்கிறது. நெல்லுக்கு இது பயன்படாது. உளுந்துக்கு உரியதும் நிலக்கடலைக்கு உரியதும் வேறு வேறாகையால், பொட்டலத்தில் பயிரின் பெயரையும் பார்த்து வாங்க வேண்டும்.

நெல்லுக்கு அசோஸ்பைரில்லம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை மட்டும் சுவாசித்தால் பிராணிகள் இறந்துவிடும். அதனால் 1787-ல் லவாய்சியேயும் அவருடைய சகாக்களும் 'உயிரற்றது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்கு 'அசோட்' என்று பெயர் வைத்தார்கள். பயிரின் உயிரே அதில்தான் இருக்கிறது! 'ஸ்பைரில்லம்' என்றால் சிறு சுருள். இந்தப் பாக்டீரியா சற்றே வளைந்து சுருண்டிருக்கும்.

கெட்டவற்றிலும் கிரேக்கப் பெயர்கள் உண்டு. உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகலை உண்டாக்கும் கிருமிக்கு 1876-ல் ஜெர்மன் விஞ்ஞானி டி பாரி வைத்த பெயர் பைட்டோப்தோரா, அதாவது 'பயிர் அழிப்பான்'. 1845 முதல் அயர்லாந்தில் கிழங்கை அழுகச் செய்து பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதுதான். மிளகில் வாடல் நோயை உண்டாக்குவதும் இதே இனத்தைச் சேர்ந்தது.

நெமட்டோடு என்ற பெயருக்கு மட்டும் விளக்கமே தேவையில்லை. 'நெமா' என்றால் நூல். தமிழிலும் அது நூற்புழுதான்.