சிலிண்டரை மூடினால் எல்லா அடுப்பும் அணையும்

ஆரியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் எட்டு மிஸ் கேரளா. கருப்புக் கோட்டுக்கு மேல் சிவப்புக் கோடு போட்ட நம் ஊர் ஆற்று மீன்தான். 1865-இல் பிரான்சிஸ் டே அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். தொட்டி மூடியில் இரண்டு எல்இடி பட்டைகள். செடி வளர பளிச்சென்ற வெள்ளை, நாம் பார்த்து ரசிக்க மங்கலான நீலம். இரண்டும் ஒரே டைமரில்.

சிக்கல் அங்கேதான். நாங்கள் மீனைப் பார்ப்பது இரவு ஏழு மணிக்கு மேல். அதற்காக விளக்கு பத்து வரை எரியும். காலை ஒன்பதிலிருந்து கணக்குப் போட்டால் வெள்ளை மட்டும் 13 மணி நேரம். ஒரே மாதத்தில் கண்ணாடியெல்லாம் பாசி. "மீன் எங்கடா? கீரை மசியல்தானே தெரியுது" என்றாள் அத்தை.

ஒரே டைமர் என்பது சிலிண்டர் ரெகுலேட்டர் மாதிரி. மட்டை அரிசி வேக முக்கால் மணி, பப்படம் பொரிய சில நொடி. இரண்டையும் சிலிண்டரைத் திறந்து மூடித்தான் சமைப்பேன் என்றால் சோறு வேகும்போது பப்படம் கரியாகியிருக்கும். அடுப்புக்கு அடுப்பு ஒரு திருகு வேண்டும்.

மின்சாரத்திலும் அப்படியே. பேஸ் வயர் இரண்டாகப் பிரிந்த பிறகு, கிளைக்கு ஒரு டைமர். டைமர் வெட்டவேண்டியது பேஸை. நியூட்ரலை மட்டும் வெட்டினாலும் விளக்கு அணையும், ஆனால் பட்டைக்குள் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். பாத்திரத்தை இறக்கிவிட்டு கேஸை மூடாமல் போவது போல. ஈரக்கையோடு மூடியைத் தூக்குகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. பிளக்குக்கு இறங்கும் வயரையும் சற்றுத் தொங்கலாக விடுங்கள். வழியும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இன்னொன்று: பட்டைக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் டிரைவர் பெட்டி இரண்டுக்கும் ஒன்றே என்றால் எத்தனை டைமர் வாங்கியும் பலனில்லை. ஒரே பர்னரில் இரண்டு பாத்திரம் வைத்த கதை. எங்கள் பழைய மூடி அப்படித்தான் இருந்தது. நீலத்துக்குத் தனி டிரைவர் போட்ட பிறகே வழி பிறந்தது. பில்டர் மோட்டாரை எந்த டைமரிலும் மாட்டாதீர்கள். அது பிரிட்ஜ் மாதிரி, எப்போதும் ஓடவேண்டியது.

டைமர் மேல் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே, சின்ன எல்இடிக்கு என்ன என்று நினைக்கலாம். காய்ந்த தோசைக்கல்லில் முதல் சொட்டுத் தண்ணீர் 'சுர்'ரென்று சீறுமே, எல்இடி டிரைவரும் போட்ட கணத்தில் அப்படி மின்சாரத்தை இழுக்கும். மட்டமான டைமரில் உள்ளே இருக்கும் தகடுகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். டயல் சுற்றும், விளக்கு அணையாது.

இப்போது நீலம் காலை பத்தரைக்கு, வெள்ளை பதினொன்றுக்கு. மாலை ஆறுக்கு வெள்ளை போய்விடும். நீலம் பத்து வரை. மங்கல் என்பதால் பாசிக்கு அதில் பெரிய தீனி இல்லை. முன்பெல்லாம் வெள்ளை சட்டென்று எரிந்ததும் மீன்கள் பதறிப்போய்க் கண்ணாடியில் முட்டும். இப்போது நீலத்திலேயே விழித்துவிடுகின்றன.

நாங்கள் மாட்டியிருப்பது பல் பல்லாக இருக்கும் சுற்று டைமர். அதற்கு ஒரு குணம் உண்டு. 96 பல், பல்லுக்கு 15 நிமிடம். அதற்கு மணி தெரியாது. குக்கர் விசிலை எண்ணுகிறவர் போல, வரும் மின்சாரத்தின் துடிப்பை எண்ணியே சுற்றுகிறது. நடுவில் கேஸ் தீர்ந்தால் விசில் எண்ணிக்கை மூன்றிலேயே நிற்பது போல, கரண்ட் போன நேரமெல்லாம் அதன் கணக்கில் சேராது. போன மழையில் இரண்டரை மணி நேரம் கரண்ட் இல்லை. அன்றிரவு பன்னிரண்டு மணிக்கும் நீலம் எரிந்தது.

"இதுங்களும் தூங்க வேண்டாமாடா?"

"டயலைத் திருப்பி வைக்கணும் அத்தை."

"எந்தப் பக்கம்?"

அம்புக்குறி போட்ட பக்கம். எதிர்ப்பக்கம் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் உடையும். இப்போது கரண்ட் வந்ததும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு டயலையும் அத்தையே திருப்பிவிடுகிறாள்.