விதை மட்டும் விளைச்சல் தராது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறும் பொன்னி அரிசிக்கு மலேசிய வேர் உண்டு. 1950களில் இந்தியாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், மலாயாவின் மாயாங் எபோஸ் 80 நெல்லைத் தைவானின் தைச்சுங் 65 உடன் ஒட்டுச் சேர்த்தார்கள். அந்த விதையை மலேசியாவில் தேர்ந்து வளர்த்து 1965இல் மாசூரி என வெளியிட்டார்கள். மாசூரியிலிருந்து தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்ததுதான் 1986இல் வந்த வெள்ளைப் பொன்னி.

இத்தகைய வரலாறுகளால்தான் விளைச்சல் என்றாலே நமக்கு விதை நினைவுக்கு வருகிறது. ஆனால் தண்ணீரும் பருவமும் கைவிட்டால் எந்த விதையும் நிற்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளானிலிருந்து கோலா சிலாங்கூரைத் தாண்டினால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள். பெர்ணாம் ஆற்று நீர் கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்கும், பிறகு வயல்களுக்கும் வருகிறது. ஆண்டுக்கு இரண்டு போகம். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டருக்கு ஏறத்தாழ 4 டன். செகிஞ்சானின் நல்ல வயல்கள் 8 டன்னையும் தாண்டுகின்றன.

இந்த வட்டாரத்தில்தான் 1988இல் 'பாடி அங்கின்' என்ற களைநெல் முதலில் கண்டறியப்பட்டது. கூலியாள் தட்டுப்பாட்டால் நடவை விட்டு நேரடி விதைப்புக்கு விவசாயிகள் மாறியிருந்த காலம் அது. களைநெல்லும் நெல்தான், இளம்பயிரில் பிரித்தறிவது கடினம். அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிடும். உதிர்ந்த மணி மண்ணுக்குள் உறங்கி, அடுத்த போகத்தில் முளைக்கும். பயிரை விட்டுவிட்டு இதை மட்டும் கொல்லும் மருந்து அன்று இல்லை.

2010இல் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி எம்ஆர் 220 சிஎல்2 என்ற ரகத்தைக் கொடுத்தது. குறிப்பிட்ட களைக்கொல்லியைத் தாங்கும் நெல் அது. ஆனால் அதை ஒரே நிலத்தில் ஓயாமல் விதைக்கக் கூடாது என்ற நிபந்தனை பல இடங்களில் காற்றில் பறந்தது. சில ஆண்டுகளில் களைநெல்லும் அந்த மருந்தைத் தாங்கத் தொடங்கியது.

பழைய நடவு முறையின் அறிவியல் இங்கேதான் விளங்குகிறது. நாற்று நட்ட வயலில் சில அங்குலம் தண்ணீர் நின்றால், மண்ணில் கிடக்கும் களைநெல் மணிக்கு உயிர்வளி போதாது, முளைப்பு குறையும். நாற்றோ ஏற்கெனவே தலை நிமிர்ந்து நிற்கிறது. நடவுக்கு முன்பே வயலை நனைத்து, களைநெல்லை முளைக்கவிட்டு உழுது அழிப்பது இன்னொரு வழி. அதற்கு இரண்டு வாரமாவது வேண்டும்; இரண்டு போக நெருக்கடியில் அந்த இடைவெளி எளிதில் கிடைப்பதில்லை. உரத்துக்கும் பருவம் உண்டு. தூர்விடும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்து இட வேண்டிய தழைச்சத்தைத் தப்பிய நாளில் கொட்டினால் பயிர் சாயும். விலை உயர்ந்த வளர்ச்சி ஊக்கி தெளித்தாலும் அந்தப் பிழை நேராகாது.

களைநெல்லை அடக்க மாற்றுப் பயிரும் ஒரு வழி. தஞ்சைப் படுகையில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பார்கள். எஞ்சிய ஈரத்திலேயே அவை வளரும். வேர்முண்டுகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். பயறுக்கு நடுவே முளைக்கும் நெல் பளிச்சென்று தெரிவதால் பிடுங்குவதும் எளிது.

சிலாங்கூரின் மழையில் பயறு செய்வது சுலபமில்லை. வடிகால் சரியாக இருக்க வேண்டும், ஒரு போக நெல் வருமானமும் போகும். அந்த இழப்பை விவசாயி தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. களைநெல் மிகுந்த சில பாத்திகளையாவது தேர்ந்தெடுத்து, ஈட்டுத்தொகை தந்து, ஒரு போகம் மாற்றுப் பயிருக்கு அரசு வழிவிட வேண்டும்.